மூன்று மாத கராத்தேயும் ஓடுகிற பைக்கும்

பழைய பிரவுன் பெல்ட்:
நேற்று மாடித்தோட்டம் அம்மா எழுதியதைப் படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: வயது 56. நங்கநல்லூரில் ஏதோ மொட்டைமாடி கிளாஸில் சேர்ந்து மூன்று மாதம். வாசலில் கோலம் போடும்போது பைக்கில் இரண்டு பேர் வந்து செயினில் கை வைத்தார்களாம். இவர் 'ஏஜ் உகே' போட்டாராம், செயின் தப்பியதாம். ஆகவே கராத்தேவுக்கு வயது தடையில்லை, எல்லோரும் சேருங்கள் என்கிறார். அதற்கு எண்பது லைக்.
முதலில் அது ஏஜ் இல்லை, 'அகே'. வயசுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. முகத்துக்கு வரும் குத்தை முன்கையால் மேலே தள்ளுவது. எதிரே நிற்பவனுக்கானது. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பைக் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா?

மாடித்தோட்டம்:
வணக்கம் சார். பைக் மெதுவாக வந்தது. பின்னால் இருந்தவன் ஏதோ அட்ரஸ் கேட்டான். நிமிர்ந்தேன், கை கழுத்துக்கு வந்தது, என் கை தானாக மேலே போனது. கூடவே ஒரு கத்து கத்தினேன். எதிர்வீட்டு மாமா பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.
அந்தக் கத்தல்தான் நான் கற்றது. முதல் மாதம் எனக்குக் குரலே எழும்பவில்லை. பொம்பளைப் பிள்ளை மெதுவாகப் பேசு என்று கேட்டே வளர்ந்தவள். மாஸ்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கவைத்து தினமும் பத்து முறை கத்தவைத்தார். ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று மாடிக்கே வந்துவிட்டார்.

பழைய பிரவுன் பெல்ட்:
மெதுவாக வந்தது என்றால் ஓடிக்கொண்டிருந்தது. அட்ரஸ் கேட்டான் என்றால் நின்றிருந்தது. இரண்டில் எது?

அடையாறு ஆலமரம்:
ஐயா, கோர்ட்டில் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கிறது. விஷயம் வயது. இன்றைய கராத்தேயின் தந்தை என்கிற ஃபுனாகோஷி, தெற்கே ஒகினாவா தீவிலிருந்து டோக்கியோ போய் கராத்தேயைச் செய்து காட்டியது 1922ல். பிறந்தது 1868ல். கணக்கு நீங்களே போடுங்கள்.

பழைய பிரவுன் பெல்ட்:
போட்டேன், 53. அந்த வயதில் அவர் ஊர்தான் மாறினார், கிளாஸில் சேரவில்லை! சின்ன வயதிலிருந்து ஆடியவர். கச்சேரி பாடப் போகிறவரும் பாட்டு கிளாஸில் சேருகிறவரும் ஒன்றா? ஆலமரம் எப்போதும் இப்படித்தான், போன வருடம் மெட்ரோ விவாதத்திலும் பாதிதான் படித்துவிட்டு வந்தார்.

கம்புக்காரன்:
காஞ்சிபுரத்து போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்ததுதானே இதெல்லாம்? நம் சரக்கை நமக்கே ஜப்பான் பெயரில் விற்கிறார்கள். சிலம்பம் இருக்க உங்களுக்கு எதற்கு உகேயும் புகேயும்?

அடையாறு ஆலமரம்:
போதிதர்மர் தென்னிந்தியர் என்பது பழைய சீனக் குறிப்பிலேயே இருக்கிறது. அவர் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பது பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கதை. கராத்தே ஒகினாவாவின் சொந்த 'டீ'யும் சீனக் கலையும் கலந்தது. டீ என்றால் கை. 'கரா'வைக்கூட முதலில் சீனத்தைக் குறிக்கும் எழுத்தில்தான் எழுதினார்கள், பிறகுதான் 'வெறும்' என்ற எழுத்துக்கு மாற்றினார்கள்.

கம்புக்காரன்:
டீயை யார் போட்டாலும் பால் நம் ஊர் பால்தான்.

மூட்டுத்தேய்மானம்:
எனக்கு 61. பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறு மணி கிளாஸ், எட்டு மாதமாகிறது. கட்டா என்றால் வரிசையாகச் செய்யும் அசைவுகள். ஆரம்பத்தில் சொல்லித்தரும் ஹெயான் ஷோடான் கட்டாவில் 21 அசைவு. மூன்றாவது அகே உகேயில் கத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் எனக்கு தினமும் திசை தப்பும். எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க நான் மட்டும் கடலைப் பார்த்து நிற்பேன். முன்பல் விழுந்த பையன் ஒருவன் என் சட்டையை இழுத்து, 'அங்கிள், இந்தப் பக்கம்' என்பான். முட்டிக்காக நிலையைக் கொஞ்சம் உயரமாக வைத்துக்கொள்ள மாஸ்டர் விட்டுவிட்டார். யாராவது அடிக்க வந்தால் ஓடத்தான் போகிறேன். ஓட இப்போது மூச்சு இருக்கிறது.

பழைய பிரவுன் பெல்ட்:
இவர் நேர்மையானவர், ஓடுவேன் என்கிறார். அந்த அம்மா பைக்கைத் தடுத்தேன் என்கிறார். செயினைப் பிடித்துக்கொண்டு பைக்கோடு இழுபட்டுத் தலையில் அடிபட்டவர்கள் உண்டு. இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு பாட்டி கையைத் தூக்கினால் யார் பொறுப்பு? அதனால்தான் கேட்கிறேன், ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? மூன்று மாதத்தில் மஞ்சள் பெல்ட் வேறு கட்டி போட்டோ! எங்கள் மாஸ்டர் ஆறு மாதம் நிற்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்.

அடையாறு ஆலமரம்:
அந்த பெல்ட்டே கராத்தேவின் சொந்தச் சொத்து இல்லை, ஜூடோவை உருவாக்கிய கானோ வைத்தது. ஃபுனாகோஷி முதன்முதலில் டான், அதாவது பிளாக் பெல்ட் தகுதி, கொடுத்ததே 1924ல்தான். அது இருக்கட்டும், ஐந்து வருடம் ஆடியதாக வேறொரு திரியில் எழுதினீர்களே, பிரவுனோடு ஏன் நின்றீர்கள்?

பழைய பிரவுன் பெல்ட்:
கேட்பீர்கள் என்று தெரியும். 1991ல் பிளாக் பெல்ட் டெஸ்டுக்குக் கட்டச் சொன்ன பணம் என் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். கட்டியவன் வாங்கினான். என்னிடம் தினமும் அடி வாங்கிய ஒருவன் இன்று கைகட்டி பேனரில் சிரிக்கிறான், அந்த வழியாகத்தான் நான் ஆபீஸ் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். பேச்சை மாற்றாதீர்கள். பைக்?

கம்புக்காரன்:
சிலம்பத்துக்கு பெல்ட்டும் கிடையாது, பேனரும் கிடையாது.

மூட்டுத்தேய்மானம்:
கம்பை எடுத்துக்கொண்டு 29சி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள் தம்பி.

கம்புக்காரன்:
தம்பி என்று சொல்ல வேண்டாம். எனக்கு 58.

அடையாறு ஆலமரம்:
அம்மா, புகார் கொடுத்தீர்களா? பறிப்பு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 304வது பிரிவு, மூன்று வருடம் வரை கிடைக்கும்.

மாடித்தோட்டம்:
கொடுத்தேன் சார். பக்கத்து வீட்டு கேமராவையும் பார்த்தார்கள். எல்லாம் இருட்டு, என் கோலம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பழைய பிரவுன் பெல்ட்:
புகாரில் பைக் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதினீர்களா, நின்றது என்றா?

மாடித்தோட்டம்:
சார், ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள். நான் கோலம் போடுகிறேன், நீங்கள் பைக்கில் வாருங்கள். ஓட்டிக்கொண்டு வருவதா நிறுத்துவதா என்பது உங்கள் இஷ்டம்.

கம்புக்காரன்:
நானும் வரலாமா?

பழைய பிரவுன் பெல்ட்:
வருவதில் எனக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது ஸ்கூட்டி, அதை பைக் என்று ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் பாருங்கள், இத்தனை பேர் பேசியும் அந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.