பழைய ஸ்லாட் கார் பாடி: பெயின்ட்டை உரித்தவர்களும் உரிக்காமல் விட்டவர்களும் அனுபவம் சொல்லுங்கள்

போன வாரம் ஒரு பழைய பெட்டி கைக்கு வந்தது. உள்ளே ஸ்லாட் கார்களின், அதாவது பள்ளம் வெட்டிய பாதையில் மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்களின், ஆறு பாடிகள் (மேல்கூடுகள்). எல்லாம் எச்.ஓ. என்ற சின்ன அளவு. ஐந்துக்குப் பெரிய வேலை இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் போதுமானதாக இருந்தன. ஆறாவதுதான் தூங்க விடவில்லை. 60களின் ஆரோரா கம்பெனி தண்டர்ஜெட் வரிசை மஸ்டாங். அந்தக் காலத்துப் பையன் யாரோ பிரஷ்ஷால் கரும்பச்சை எனாமலை அப்பித் தள்ளியிருக்கிறான். கூரை மட்டும் வெள்ளை. இரண்டு கதவிலும் 7 என்று எண். வலது பக்கத்து 7 வழிந்து, கால் நீண்டு கதவுக்குக் கீழே வரை போய்விட்டது.

கவிழ்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் சொந்த நிறம் தெரிகிறது. இளநீலப் பச்சை, நேற்று வார்த்தது போலப் பளிச்சென்று இருக்கிறது. நிறம் கலந்த பிளாஸ்டிக்கிலேயே வார்த்த பாடி என்பதால் பெயின்ட்டுக்கு அடியிலும் அதே நிறம்தான் இருக்க வேண்டும். ஆசை அங்கேதான் பிடித்தது. ஆனால் இதுவரை நான் ஒரு பாடியைக்கூட உரித்ததில்லை. உரித்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், பாழானது உட்பட.

* * *

தம்பி, நான் இருபது முப்பது பாடி உரித்திருப்பேன். அதில் நாலு பாழ். ஒழுங்காக வந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பாழானதைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு எல்லாமே பிரேக் ஆயில்தான். டாட் 3 என்று போட்டிருக்குமே, அது. (டாட் 5 சிலிக்கான் வகை, பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. அதில் ஊற வைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்த புத்திசாலியும் நான்தான்.) முதல் பாடியை ராத்திரி போட்டேன். காலையில் பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி சுருங்கிக் கழன்று கிடந்தது. அந்தக் குஷியில் அடுத்த பாடியைக் கண்ணாடியோடும் குரோம் பம்பரோடும் அப்படியே முக்கிவிட்டு வெளியூர் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கப் புகை அடித்தது போல மங்கி, முடி இழை மாதிரி விரிசல்கள். பம்பரில் குரோமையே காணோம். நாம் குரோம் என்று சொல்வது லாக்கர் பூச்சின் மேல் ஆவியாகப் படிய வைத்த மெல்லிய உலோகப் படலம். அடியில் லாக்கர் இளகினால் மேலே இருப்பதும் கிளம்பிவிடும்.

சரி, பாடியாவது பிழைத்தது என்று மாட்டி ஸ்க்ரூவை இறுக்கினேன். பாடிக்குள் ஸ்க்ரூ ஏறும் பின்பக்கத் தூண் டக்கென்று போய்விட்டது. பழியைப் பிரேக் ஆயில் மேல் போடலாம். பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பல பத்து வருடப் பிளாஸ்டிக், எத்தனையோ கைகள் இறுக்கிய ஸ்க்ரூ. தூணில் ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கலாம், நான் பார்க்கவே இல்லை. இப்போது கையில் எடுத்ததும் லென்ஸ் வைத்துத் தூண்களைத்தான் முதலில் பார்க்கிறேன். விரிசல் தெரிந்தால் எந்தத் திரவத்திலும் முக்குவதில்லை.

இப்போது ஐசோபுரோபில் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும், ஊருக்குப் போகக் கூடாது. பழைய எனாமல் சில நேரம் அதற்கு அசையாது. அப்போது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி), கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. அதுவும் குரோமை விட்டு வைக்காது, கழற்றக் கூடியதையெல்லாம் முதலிலேயே கழற்றிவிடுங்கள். அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். பாலிஸ்டைரீன் அதில் கரையும், பெயின்ட்டுக்கு முன்னால் கார் போய்விடும். ஒன்றோடு ஒன்றைக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சியும் வேண்டாம், முக்கியமாகப் பிளீச்சோடு.

* * *

டெட்டாலை யாருமே சொல்லவில்லையே? தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஒரு நாள் விட்டால் எனாமல் நன்றாகவே இளகும். எடுத்ததும் குழாயடியில் மட்டும் காட்டிவிடாதீர்கள். நான் காட்டினேன். தண்ணீர் பட்ட நிமிடம் இளகிய பெயின்ட் தார் மாதிரி ஆகி, பிரஷ், விரல், வாஷ்பேசின் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. முதலில் டெட்டாலைத் தொட்டே தேய்த்து எடுத்துவிட வேண்டும். சோப்பும் தண்ணீரும் அப்புறம்தான். வாடை நாலைந்து நாளைக்குப் போகாது. வருகிறவர்கள் எல்லாம் யாருக்கு அடிபட்டது என்று கேட்பார்கள்.

* * *

எந்தத் திரவம் என்று பேசுவதற்கு முன்னால், அது யார் அடித்த பெயின்ட் என்று பாருங்கள் சார். நான் உரிக்கக் கூடாததை உரித்தவன்.

வெள்ளைப் பாடி, நடுவில் நீலக் கோடு. ஓரம் லேசாகக் கசிந்து, சில இடத்தில் தேய்ந்து, பார்க்கச் சின்னப் பையன் வேலை மாதிரிதான் இருந்தது. ஆல்கஹாலில் இரண்டே மணி நேரம், கோடு சுத்தமாகப் போய்விட்டது. ரொம்பச் சுலபமாகப் போனதே என்று சந்தோஷம் வேறு. ஒரு மாதம் கழித்து இன்னொருவரிடம் அதே காரைப் பார்த்தேன். அதே இடத்தில், அதே அகலத்தில், அதே ஓரக் கசிவோடு ஒரு நீலக் கோடு. தொழிற்சாலையில் தகட்டு அச்சு வைத்து ஸ்ப்ரே அடித்தது! அச்சு லேசாகத் தூக்கியிருந்தால் ஓரம் கசியத்தானே செய்யும். நான் அழித்தது அந்தக் காரின் பாதி அடையாளத்தை.

இப்போது நான் பார்ப்பது இதுதான். பிரஷ்ஷில் அடித்திருந்தால் வெளிச்சத்தில் சாய்த்ததும் மயிர்க்கோடுகள் தெரியும், மூலைகளில் பெயின்ட் தேங்கித் தடித்திருக்கும். ஸ்ப்ரே மெல்லியது, ஓரத்தில் தூசி மாதிரி படர்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் அதே மாடலின் இன்னொரு காரைப் பார்க்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். கம்பெனிக் கோட்டின் மேலேயே யாராவது அடித்திருந்தால் ஊற வைக்கும் பேச்சே இல்லை. மாஸ்கிங் டேப் ஒட்டிக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள், திரவம் அடியில் புகுந்துவிடும். காது குடையும் பட்ஸை நனைத்து, கோட்டுக்கு வெளியே மட்டும், துளித்துளியாகத்தான்.

* * *

1/24 அளவில், லெக்ஸான் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் செய்த பாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பெயின்ட் உள்பக்கம் இருக்கும், வெளியே தெரிகிற பளபளப்பு பிளாஸ்டிக்கினுடையது. பாலிகார்பனேட் என்பதால் பிரேக் ஆயிலும் ஆகாது, சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி காரமும் ஆகாது. நான் ஒன்றைக் கார டிகிரீசரில் போட்டு, வெளியே எடுத்தபோது கார் பழைய பாட்டில் மாதிரி வெளுத்திருந்தது. இதற்கு மேல் சொல்ல மனம் இல்லை.

* * *

உரித்தால் உள்ளே புதுசு இருக்கும் என்பதே பாதி நேரம் பொய் என்பேன்.

எனக்குக் கிடைத்தது வெள்ளைப் பாடி, மேலே சிவப்பு. பெயின்ட் முழுசாகப் போனது. ஆனால் கீழே இருந்தது வெள்ளை இல்லை, ரோஜா நிறம். சிவப்பு பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிட்டது. அதோடு பானெட் முழுக்கச் சொரசொரப்பு. லாக்கர் வகைப் பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கின் தோலையே கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் பிடிக்கும். பெயின்ட் போனாலும் அந்தத் தோல் திரும்பி வராது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் 1500, 2000 என்று தேய்த்து, பாலிஷ் போட்டு, பளபளப்பை எப்படியோ கொண்டுவந்தேன். அதற்குள் கதவுக்கோடும் கிரில்லும் மழுங்கிவிட்டன. கறை போகவே இல்லை. கடைசியில் வெள்ளைப் பெயின்ட் வாங்கி நானே அடித்தேன். அப்புறம் எதற்கு உரித்தேன் என்று இன்னும் எனக்கே புரியவில்லை.

அதனால் சக்கர வளைவின் உள் ஓரத்தில், மேலே இருக்கும் அதே பெயின்ட் வழிந்து வந்திருக்கிற இடத்தில், பட்ஸால் ஒரு புள்ளி துடைத்துப் பாருங்கள். கீழே வருகிற நிறத்தைப் பாடியின் உள்பக்க நிறத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, புள்ளியும் வழவழவென்று இருந்தால் மேலே போகலாம்.

* * *

தகரக் கார் கிடைத்தவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். 1957-ல் வந்த முதல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்கள் தகரம்தான். லோட்டஸ் 16, வான்வால் என்று 1960-ல்தான் பிளாஸ்டிக் வந்தது. தகர மசராட்டி 250எஃப் ஒன்றை ஒருவர் வெறும் உலோகம் பளபளக்கும் வரை உரித்து, பெருமையாகக் கையில் கொடுத்தார். அதில் முந்தின தடவை தொட்டவரின் கைரேகை துருவாகப் பதிந்திருந்தது.

* * *

மஸ்டாங்காரன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. முதலில் தூண்களைப் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன. சக்கர வளைவின் உள்ளே ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பத்து நிமிடத்தில் பச்சை வந்துவிட்டது, அடியில் இளநீலப் பச்சை, வழவழவென்று. டப்பாவில் ஆல்கஹால் ஊற்றியாகிவிட்டது, கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது, முக்க வேண்டியதுதான் பாக்கி.

பிரஷ் கோடு தெரியும் என்று ஒருவர் சொன்னாரே, சும்மா பார்ப்போமே என்று டார்ச்சைக் கதவுக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். 7-க்கு அடியில் ஒரு பள்ளம். லென்ஸ் வைத்தால், பையன் ஊசியாலோ காம்பஸ் முனையாலோ முதலில் 7 என்று கீறிவிட்டு, அந்தக் கீறலுக்குள் பெயின்ட்டை நிரப்பியிருக்கிறான். இரண்டு கதவிலும் அப்படித்தான். வலது பக்கம் இரண்டு தடவை கீறியிருக்கிறான், முதல் தடவை கோணலாகிவிட்டது போல. பச்சையை எடுத்திருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது இரண்டு கதவிலும் 7 கீறிய இளநீலப் பச்சைக் கார். அதை மறைக்க நிரப்பு, தேய்ப்பு, அப்புறம் மறுபடி பெயின்ட்.

ஆல்கஹாலைப் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றிவிட்டேன். கண்ணாடியை மட்டும் தனியாகக் கழுவி மாட்டினேன். நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது, ஆனால் வளைவில் விட்டு விட்டு இழுக்கிறது. பாதையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிக்கப் ஷூ தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. தண்டர்ஜெட்டுக்கு உபரி ஷூ யாரிடமாவது ஒரு ஜோடி இருக்கிறதா?