மணி பிளாண்ட் இலையை நாய் தின்றுவிட்டது

கேள்வி: எங்கள் நாட்டு நாய் வரவேற்பறையில் இருந்த மணி பிளாண்ட் கொடியைக் கடித்துத் தின்றுவிட்டு, எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கலாமா?

மறுமொழி: வேண்டவே வேண்டாம், உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சாகும். அந்த இலையிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கிலும் ஈறிலும் குத்துவதால்தான் (பச்சைச் சேப்பங்கிழங்கு அரிப்பதும் இதனால்தான்) இந்த எரிச்சல். ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும்.

மறுமொழி: வாய் வீங்கி மூச்சுத் திணறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, கொடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

மறுமொழி: தின்றது அரளியோ சைகஸோ (சிறு பனை போலத் தோன்றும் அழகுச் செடி) என்றால் இந்த நிதானமே கூடாது, முன்னது இதயத்தையும் பின்னது கல்லீரலையும் தாக்கும் என்பதால், அறிகுறி தெரியும் முன்பே புறப்பட்டுவிட வேண்டும்.