1994 ட்வின் டப் (இரட்டைத் தொட்டி) வாஷிங் மெஷின்: பிழியும் தொட்டி உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. மோட்டாரா, கண்டன்சரா?

செல்வி_ஈரோடு (ஞாயிறு, காலை 9.40)

வணக்கம். அம்மா 1994 தீபாவளி போனஸில் வாங்கிய செமி ஆட்டோமேட்டிக் மெஷின். இடப்பக்கம் துவைக்கிற தொட்டி, வலப்பக்கம் பிழிகிற தொட்டி, வெளிர் நீல மூடி. ஒன்பது வருடமாக மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வைக்குள் கிடந்தது. அம்மா இருந்தவரை தூக்கிப் போட விடவில்லை, இப்போது எனக்கே மனம் வரவில்லை. ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே கொடுத்திருக்கிறேன்.

எலி கடித்த வயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். துவைக்கிற பக்கம் நன்றாக ஓடுகிறது. 15 நிமிட டைமர் டிக் டிக் என்று இறங்குகிறது, அடியில் இருக்கிற சுழலி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறிச் சுற்றுகிறது.

பிழிகிற பக்கம்தான் பிரச்சினை. மூடியை மூடி டைமரைத் திருகினால் 'ம்ம்ம்' என்று உறுமல் மட்டும். தொட்டி அசையவே இல்லை. பத்து விநாடியில் நிறுத்திவிட்டேன். மூடியைத் திறந்து கையால் சுற்றிப் பார்த்தேன், ரொம்ப இறுக்கம். பேரிங் பிடித்துக்கொண்டதா? பக்கத்து மெக்கானிக் ஒருவர் கழற்றாமலே, "மோட்டார் போச்சு, இந்த மாடலுக்குக் கிடைக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குமார்_ஓசூர் (ஞாயிறு, 10.05)

கண்டன்சர்தான் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் மூடிக்குக் கீழே இருக்கும் ஸ்விட்சின் இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிட்டு, மூடியைத் திறந்தபடியே கரண்ட் கொடுத்து, தொட்டியை ஒரு குச்சியால் தள்ளிவிடுங்கள். சுற்ற ஆரம்பித்தால் கண்டன்சர் போச்சு என்று அர்த்தம். எங்கள் வீட்டு மெஷினில் அந்த ஸ்விட்ச் போய் இரண்டு வருடமாக நேராகத்தான் கட்டியிருக்கிறது.

வைண்டிங்_அண்ணாச்சி (ஞாயிறு, 11.30)

தம்பி குமார், கண்டன்சர் என்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிழிகிற தொட்டிக்குப் பெல்ட் கிடையாது, மோட்டார் ஷாஃப்ட்டோடு நேராக மாட்டியிருக்கும். நாலு துருவ மோட்டார், நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 1500-க்குக் கொஞ்சம் குறைவாக, 1350, 1400 சுற்று வரும். ஈரத் துணியோடு அந்த வேகத்தில் ஓடுகிற தொட்டிக்குள் தாவணியோ விரலோ மாட்டினால் இழுத்துக்கொண்டுதான் போகும். அந்த ஸ்விட்ச் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. உங்கள் வீட்டு மெஷினில் இன்றைக்கே புது ஸ்விட்ச் போடுங்கள்.

தங்கச்சி, நான் பாளையங்கோட்டையில் 31 வருடமாக ரீவைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தருகிற) கடை வைத்திருக்கிறேன். உறுமுகிற மோட்டார் பெரும்பாலும் செத்த மோட்டார் இல்லை. வைண்டிங், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருள், எரிந்திருந்தால் பெரும்பாலும் கருகின வாடை அடிக்கும், இல்லையென்றால் சத்தமே வராது. வீட்டு மெஷினில் இருக்கிற ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. மெயின் வைண்டிங் மட்டும் வேலை செய்தால் காந்தப்புலம் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும், சுழலாது. அதுதான் நீங்கள் கேட்கிற உறுமல். ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்குப் போகிற கரண்டைக் கண்டன்சர் கொஞ்சம் முந்தவைப்பதால்தான் புலம் சுழல ஆரம்பிக்கும்.

"துவைக்கிற பக்கம் ஓடுகிறதே, அப்போ கண்டன்சர் நல்லாத்தானே இருக்கு" என்று நினைக்காதீர்கள். ஒரே டப்பாவுக்குள் இரண்டு கண்டன்சர் இருக்கும். ஒன்று போய் மற்றது உயிரோடு இருப்பது சகஜம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றுங்கள். கண்டன்சர் முனைகளைத் திருப்புளியால் ஷார்ட் பண்ணாதீர்கள், பொறி பறந்து டப்பாவும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. ஒரு 40 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரை முனைகளில் கொஞ்ச நேரம் தொட்டு வையுங்கள், சார்ஜ் இறங்கிவிடும். அப்புறம் மீட்டரில் அளவு பாருங்கள். மோட்டாரில் மூன்று வயர் வரும். அதைத் தனியாகக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளந்து எழுதுங்கள். மூன்று அளவில் பெரியது மற்ற இரண்டின் கூட்டலாக இருக்க வேண்டும்.

செல்வி_ஈரோடு (ஞாயிறு, மாலை 5.15)

அண்ணாச்சி, டப்பாவின் மேல் 10+5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்று இருக்கிறது. 10 இருக்க வேண்டிய இடத்தில் 9.6. 5 இருக்க வேண்டிய இடத்தில் 1.8!

மோட்டார் வயர்: 58, 87, 145. கூட்டல் சரியாக வருகிறது. எந்த வயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் எதுவும் காட்டவில்லை.

ஸ்பேர் கடையில் 10+6 தான் இருக்கிறதாம், "ஒண்ணுதானே கூட, ஓடும்" என்கிறார். வாங்கலாமா?

வைண்டிங்_அண்ணாச்சி (ஞாயிறு, 6.00)

ஓடும். ஸ்டார்ட்டிங் வைண்டிங் கூடுதலாகச் சூடும் ஆகும். ஓடும்போதும் அந்தக் கண்டன்சர் லைனிலேயே இருக்கிற மோட்டார் இது. 30 வருடம் போன, கம்பி மேல் பூசின எனாமலை எதற்கு வதைக்க வேண்டும்? தனி 5 ஒன்று, தனி 10 ஒன்று வாங்கிப் போடுங்கள். ஃபேன் கடையில்கூட 5 கிடைக்கும், வோல்ட் மட்டும் 440 இருக்கிறதா பாருங்கள். பழைய டப்பாவைக் காலியாக அதே இடத்தில் மாட்டி வைத்தால் பார்வைக்கும் ஒரிஜினலாக இருக்கும். உங்களைப் போல் சேர்த்து வைக்கிறவர்களுக்கு அதுவும் முக்கியம்தானே.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகிற மாதிரி, போடுங்கள். பல்பு முழு வெளிச்சமாக எரிந்து அப்படியே நின்றால் எங்கோ ஷார்ட். பல்பு இருக்கும்போது மோட்டாருக்கு முழு பலம் வராது, அது கிளம்பவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

யாழ்_வேல்ஸ் (திங்கள், அதிகாலை 2.10)

நான் யாழ்ப்பாணம், இப்ப வேல்ஸில் இருக்கிறன். இப்படிப் பழைய துவைக்கிற மெஷின்கள் நாலு சேர்த்து வைத்திருக்கிறன், மனிசி கராஜுக்குள் காரை விட இடமில்லை என்று கத்துறா. அதில் ஒன்று கைபிடி சுற்றிப் பிழியிற ஹூவர். 1948இல் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் ஹூவர் தொழிற்சாலை திறந்து செய்யத் தொடங்கின வகை. அதில் சுழலி அடியில் இல்லை, தொட்டியின் பக்கச் சுவரில் இருக்கும். மேலே இரண்டு ரப்பர் உருளை, நடுவில் துணியைக் கொடுத்துக் கையால் சுற்ற வேண்டும். 1953இல் ஜப்பானில் சான்யோவும் சுவரில் சுழலி வைத்த மெஷினைக் கொண்டுவந்தது. ஹூவர் 1957இல் இரட்டைத் தொட்டி ஹூவர்மேட்டிக்கை விட்ட பிறகு இங்கத்தைய வீடுகளில் உருளை மெல்ல மெல்ல மறைந்தது. செல்வி, உங்கட மெஷினும் அந்த வம்சத்துப் பிள்ளைதான்.

மோட்டார் விசயம் அண்ணாச்சிக்கு விடுறன். ஒரு விசயம் மட்டும். பிழியிற தொட்டியின் ஷாஃப்ட் வெளித் தொட்டியைத் துளைத்துக் கீழே இறங்கிற இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் சீல் இருக்கும். ஒன்பது வருசம் காய்ந்து கிடந்த ரப்பர் கட்டாயம் வெடித்திருக்கும். தண்ணீர் விட்டு ஓட்டுவதற்கு முதல் அதைப் பாருங்கோ, இல்லாவிட்டால் சோப்புத் தண்ணி நேரே மோட்டாரின் தலையில் சொட்டும். ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின், வண்டி கிரீஸ் ஒன்றும் பூசாதேங்கோ, ஊதிப் போகும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும். (உருளை மெஷின் வைத்திருக்கிற ஆரும் இருந்தால்: வேலை முடிந்ததும் மேல் திருகைத் தளர்த்தி வையுங்கோ. என்ர மெஷினின் முதல் சொந்தக்காரர் இறுக்கினபடியே விட்டதில் உருளை இரண்டும் ஒரு பக்கம் தட்டையாகிப் போச்சு.)

செல்வி_ஈரோடு (புதன், இரவு 8.30)

5 தனியாக, 10 தனியாகப் போட்டேன். சீரீஸ் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது, ஷார்ட் இல்லை. நேராகக் கரண்ட் கொடுத்தேன். தொட்டி சுற்றியது! ஆனால் சந்தோஷம் அரை நிமிடம்தான். மாட்டு வண்டி மேடேறுவது போல் மெதுவாக முனகிக்கொண்டு சுற்றியது, வேகம் எடுக்கவே இல்லை. அப்புறம் ரப்பர் எரிகிற வாடை. நிறுத்திவிட்டேன். மோட்டாரைத் தொட்டால் சுடுகிறது.

கையால் சுற்றினால் அதே இறுக்கம். அப்போ பேரிங்தானா? மோட்டாரை இறக்க வேண்டுமா? மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து செய்கிறேன், அதனால்தான் இறக்குவதற்கு முன் கேட்கிறேன்.

வைண்டிங்_அண்ணாச்சி (புதன், 9.05)

இறக்காதீர்கள். ஒரு கேள்வி. கையால் சுற்றிப் பார்த்தேன் என்கிறீர்களே, மூடியைத் திறந்து வைத்துத்தானே?

செல்வி_ஈரோடு (புதன், 9.07)

ஆமாம். மூடியைத் திறந்தால்தானே கை உள்ளே போகும்?

வைண்டிங்_அண்ணாச்சி (புதன், 9.25)

அங்கேதான் விஷயம். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும், என் கவனமும் கண்டன்சரிலேயே போய்விட்டது.

மூடியைத் திறந்தால் அந்த மெஷினில் இரண்டு காரியம் நடக்கும். ஸ்விட்ச் கரண்டை வெட்டும். கூடவே கீழே பிரேக் பிடிக்கும். மூடி கீலிலிருந்து சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி ஒன்று மோட்டார் வரைக்கும் போகும். மூடியை மூடும்போது அந்த ஒயர் இழுபட்டு, பிரேக் கட்டையை டிரம்மிலிருந்து விலக்கும். திறந்தால் ஒயர் தளர்ந்து, ஸ்பிரிங் கட்டையைத் தள்ளி டிரம்மைப் பிடிக்கவைக்கும். ஆக மூடி திறந்திருக்கும்போது தொட்டி இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். அது பழுது இல்லை, பிரேக் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியை மூடுங்கள். பின்பக்கமாகக் கையை விட்டு, மோட்டாருக்கு மேலே இருக்கிற வட்டமான டிரம்மை விரலால் தள்ளிப் பாருங்கள். அது லேசாகச் சுற்றினால் பேரிங் நல்லது. அப்போதும் இறுகினால் கட்டை விலகவில்லை என்று அர்த்தம். ஒயர் நீண்டிருக்கும், இல்லை உறைக்குள் துரு பிடித்திருக்கும்.

செல்வி_ஈரோடு (சனி, மதியம் 1.20)

அண்ணாச்சி, டார்ச் அடித்துப் பார்த்தேன். மகளை மூடியைத் திறந்து திறந்து மூடச் சொன்னேன். மூடும்போது கட்டை ஒரு நூல் அளவு நகர்கிறது, அவ்வளவுதான், டிரம்மை விட்டு வெளியே வரவில்லை. கட்டையைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரம்மைத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு நாலைந்து சுற்று சத்தமில்லாமல் போனது. பேரிங் பொன் மாதிரி இருக்கிறது!

ஒயர் உறையின் கீழ்ப்பாதி முழுக்கத் துரு, உள்ளே கம்பி பாதியில் சிக்கி நிற்கிறது. துரு எங்கிருந்து வந்தது என்று மேலே பார்த்தால் யாழ் அண்ணன் சொன்னதுதான். சீலில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, அதிலிருந்து மோட்டார் தலைவரைக்கும் காவி நிறத்தில் கோடு. பல வருடம் சொட்டியிருக்கிறது. அம்மா கடைசிக் காலத்தில் "பிழிஞ்சா ஒரே வாடை அடிக்குது" என்று சொன்னது இதுதான் போலிருக்கிறது.

தொட்டியையும் மோட்டார் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்கில் லாக் நட்டோடு இருந்த போல்ட்டை 10 நம்பர் ஸ்பேனரால் தளர்த்தித் தொட்டியை மேலே உருவினேன். துரு விடவே இல்லை, துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தேன். அடியில் சோப்புச் சேறு இரண்டு விரல் கனம். அதற்குள் ஒரு ஹேர்பின், என் பள்ளிச் சீருடைப் பட்டன் இரண்டு, ஒரு 25 பைசா. அந்தக் காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது, தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறது.

கேள்வி இரண்டு. பிரேக் ஒயர் இந்த மாடலுக்கு எங்கேயும் இல்லை, சைக்கிள் ஒயர் போடலாமா? பிரேக் கட்டை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, மாற்ற வேண்டுமா?

வைண்டிங்_அண்ணாச்சி (சனி, 3.00)

சைக்கிள் ஒயர் தாராளமாகப் போடலாம், உறையோடு சேர்த்து வாங்குங்கள். நீளத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்து வெட்டுங்கள். மூடி மூடியிருக்கும்போது கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிய வேண்டும். கட்டை உரசி உரசிப் பளபளப்பாகிவிட்டது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், கனம் இருக்கிறவரை மாற்ற வேண்டாம். அதில் எண்ணெய்க் கை படக் கூடாது. மோட்டாருக்குக் கீழே மூன்று ஸ்பிரிங் இருக்கும், அதிலும் துரு இருக்கிறதா பாருங்கள். ஒன்று ஒடிந்தாலும் தொட்டி சாமி ஆடும்.

யாழ்_வேல்ஸ் (சனி, இரவு 9.40)

சீல் வாங்கேக்குள்ள பழையதைக் கையோடு கொண்டுபோங்கோ. ஷாஃப்ட்டின் கனம், வெளி விட்டம் இரண்டும் பொருந்தினால் வேற கம்பனிச் சீலும் சரி. ஷாஃப்ட்டில் துரு மேடு இருந்தால் நைசான உப்புத்தாள் போட்டுவிட்டு ஏற்றுங்கோ, இல்லாவிட்டால் புதுசும் ஒரு மாதத்தில் கிழியும்.

செல்வி_ஈரோடு (அடுத்த ஞாயிறு, மதியம் 12.10)

ஓடுகிறது!

சைக்கிள் கடையில் ஒயரும் உறையும் 60 ரூபாய். சீல் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் கிடைத்தது. மூன்று ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன. முதலில் வெறும் தொட்டி, அப்புறம் இரண்டு ஈரத் துண்டு. டைமரைத் திருகியதும் ஒரு மூச்சு உறுமல், உடனே அந்தப் பழைய 'ஊஊ' சத்தம். சமையலறையில் இருந்த அப்பா எழுந்து வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. மூடியைத் திறந்தேன், எண்ணிப் பார்த்தேன், நாலு விநாடியில் தொட்டி நின்றுவிட்டது. சீலில் ஒரு சொட்டு இல்லை, அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன்.

ஐந்து நிமிட டைமர் மூன்றரை நிமிடத்திலேயே பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பிரிக்கவா?

வைண்டிங்_அண்ணாச்சி (ஞாயிறு, 12.40)

பிரிக்காதீர்கள். உள்ளே சுருள் வில்லும் பொடிப் பொடிப் பல்சக்கரமும்தான், திறந்தால் மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு தடவை திருகிக்கொள்ளுங்கள். எர்த் வயர் பாடியில் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பழைய பிளக்கில் அது விட்டுப் போயிருக்கும்.

குமார்_ஓசூர் (ஞாயிறு, 4.30)

அண்ணாச்சி, மூடி ஸ்விட்ச் வாங்கிப் போட்டுவிட்டேன். 90 ரூபாய். பிரேக் ஒயரையும் பார்த்தேன், எங்கள் மெஷினில் அதைக் கழற்றியே வைத்திருக்கிறார்கள். அதற்கும் சைக்கிள் ஒயர்தானே?