வலது குதிகால் புண்ணு: டயபெடிக்கா பிரஷர் அல்சரா? எந்த கோட் போடணும், உதவி பண்ணுங்க

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சில மெடிக்கல் கோடரா (டாக்டர் நோட்ட பாத்து இன்சூரன்ஸ் கிளெய்முக்கு கோட் போடற வேலை) சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. ஆறு மாசம் ஈடி (எமர்ஜென்சி) சார்ட் பாத்துட்டிருந்தேன், இப்ப வூண்ட் கேர்ல (புண்ணு வைத்தியம்) போட்டிருக்காங்க, அமெரிக்கால ஒரு அவுட்பேஷன்ட் வூண்ட் கிளினிக்கோட சார்ட்ஸ்.

பேஷன்ட்டுக்கு டைப் 2 சுகர், இன்சுலின் போட்டுக்கறாங்க. டாக்டர் நோட்ல "வலது குதிகால் அல்சர்"னு ஒரு வரி, கொஞ்சம் கீழ "டைப் 2 டயபெடிஸ்"னு இன்னொரு வரி, அவ்ளோதான், ரெண்டையும் சேத்து எதுவும் எழுதல. ப்ரொசீஜர் நோட்ல சப்க்யூட்டேனியஸ் டிஷ்யூ (தோலுக்கு அடில உள்ள திசு, சுருக்கமா சப்க்யூ) வரைக்கும் டிப்ரைட் பண்ணதா, அதாவது கெட்டுப்போன திசுவ வெட்டி எடுத்ததா இருக்கு, 4க்கு 3 சென்டிமீட்டர். நான் எல்97.419 (பிரஷர் இல்லாத குதிகால் புண்ணு) முதல்ல, அடுத்து ஈ11.9 (சுகர்), ப்ரொசீஜருக்கு 11042 (சப்க்யூ வரைக்கும் டிப்ரைட்மென்ட்) போட்டு அனுப்பிட்டேன், சிஓ-11னு (நோய் கோடும் ப்ரொசீஜரும் ஒத்துப்போகல) டினை ஆகி திரும்பி வந்துருச்சு.

மறுபடி சார்ட்ட திறந்தப்ப தான் நர்ஸ் ஷீட்ல "வலது குதிகால் பிரஷர் அல்சர், ஸ்டேஜ் 3"னு (ஒரே இடம் அழுந்திட்டே இருந்து வர்ற புண்ணு) இருக்கறத பாத்தேன், முதல் தடவை அந்த பக்கத்துக்கே நான் போகல. இப்ப க்யூஏ (கோட் சரியான்னு செக் பண்றவங்க) சொல்றாங்க ஈ11.621 (சுகரால வந்த கால் புண்ணு) கூட எல்97.412 போடுன்னு, டீம் லீட் சொல்றாங்க எல்89.613 (வலது குதிகால் பிரஷர் அல்சர், ஸ்டேஜ் 3) தான்னு. ரெண்டு பேரும் கைட்லைன காட்டித்தான் பேசறாங்க. எனக்கு எர்ரர் மார்க் விழுந்தது கூட பரவால்ல, எது சரின்னு தெரியாம அடுத்த சார்ட்ட தொடவே கை வரல. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரி ஷிப்ட்:

டீம் லீட் சொல்றது தான் கரெக்ட் ப்ரோ. ஸ்டேஜ நர்ஸ் நோட்ல இருந்து எடுக்கலாம்னு கைட்லைன்லயே இருக்கு, ஸ்டேஜ் 3ன்னு தெளிவா எழுதிருக்காங்க, எல்89.613 போட்டு சுகர தனியா போட்டு அனுப்புங்க.

நொய்யல்:

இல்லங்க ராத்திரி ஷிப்ட், அந்த கைட்லைன பாதில நிறுத்திட்டீங்க. நான் பதினோரு வருஷமா கோடிங், அதுல அஞ்சு வருஷம் வூண்ட் கேர் ஆடிட், இந்த ஒரு வரியால வந்த எர்ரர எத்தன பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. பிரஷர் அல்சரோட ஸ்டேஜ், பிரஷர் இல்லாத க்ரானிக் அல்சரோட ஆழம், பிஎம்ஐ இதெல்லாம் நர்ஸ் எழுதினதுல இருந்து எடுக்கலாம், ஆனா அது பிரஷர் அல்சர்ங்கற டயக்னோசிஸ டாக்டர் தான் எழுதிருக்கணும். இங்க டாக்டர் "பிரஷர்"ங்கற வார்த்தையையே எழுதல, அப்ப அந்த ஸ்டேஜ் 3 ஒட்டிக்க இடமே கிடையாது.

அப்ப க்யூஏ சொல்றது சரியான்னா அதுவும் பாதி தான் தம்பி. ஐசிடில (நோய்களுக்கான கோட் லிஸ்ட்) "வித்"னு ஒரு கன்வென்ஷன் இருக்கு, இன்டெக்ஸ்ல டயபெடிஸுக்கு கீழ "வித்" லிஸ்ட்ல ஃபுட் அல்சர் இருக்கறதால டாக்டர் ரெண்டையும் சேத்து எழுதலன்னாலும் சுகரால வந்த புண்ணுன்னு எடுத்துக்கலாம், வேற காரணம்னு சார்ட் சொல்லாத வரைக்கும். அதனால தான் நீங்க போட்ட ஈ11.9 தப்பு, அதுக்கு அர்த்தமே காம்ப்ளிகேஷன் இல்லாத சுகர், பக்கத்துலயே கால் புண்ணையும் போட்டா கிளெய்ம் தனக்குத்தானே முரண்படுது. வரிசையும் தலைகீழ். எல்97க்கு கீழ அடிப்படை நோய முதல்ல போடுன்னு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, அதனால ஈ11.621 முன்னாடி, எல்97 பின்னாடி.

ஆனா உங்க சார்ட்ல வேற காரணத்த ஒருத்தர் எழுதிருக்காங்களே, நர்ஸ். டாக்டர் பொதுவா அல்சர்னு விட்டுட்டாரு, நர்ஸ் பிரஷர்னு எழுதிட்டாங்க. இந்த இடத்துல "வித்" இருக்குன்னு சொல்லி நாமளா முடிவு பண்ணக்கூடாது, நர்ஸ் பேச்ச எடுத்துட்டும் முடிவு பண்ணக்கூடாது. டாக்டருக்கு க்வெரி (தெளிவுபடுத்த சொல்லி எழுதற கேள்வி) அனுப்புங்க. உங்க க்யூஏவும் டீம் லீடும் எத்தன மணி நேரம் பேசினாலும் அந்த புண்ண பாத்தவங்க அவங்க இல்ல.

இன்னொன்னு, க்யூஏ சொன்ன 412ல கடைசி 2ன்னா கொழுப்பு லேயர் தெரியுதுன்னு அர்த்தம். அத எங்கேந்து எடுத்தாங்க? டிப்ரைட்மென்ட் சப்க்யூ வரைக்கும் போச்சுங்கறதுல இருந்தா? அது டாக்டர் எவ்ளோ ஆழம் வெட்டி எடுத்தாருங்கறது, புண்ணு எவ்ளோ ஆழம்ங்கறது வேற. எலும்பே தெரியற புண்ணுல கூட சப்க்யூ மட்டும் எடுத்தா 11042 தான், எலும்பு வரைக்கும் எடுத்தா போடற 11044 இல்ல. ஆனா பேயர் (பணம் குடுக்கற இன்சூரன்ஸ்) கண்ணுல ரெண்டும் ஒத்துப்போகணும், தோலோட நின்ன புண்ணுன்னு எல்97.411 போட்டு 11042 பில் பண்ணா கேள்வி வரும், நீங்க போட்ட 419 சிவியாரிட்டியே சொல்லாத கோட். க்வெரில ஆழத்தையும் சேத்தே கேட்டுருங்க.

பரப்பளவு 12 சதுர சென்டிமீட்டர், முதல் 20க்குள்ள இருக்கு, அதனால 11042 ஒரு யூனிட், அதுல தப்பில்ல. நாளைக்கு ரெண்டு புண்ணு வந்தா ஒரே ஆழம்னா பரப்ப கூட்டிக்கங்க, 12ம் 10ம் 22, அப்ப முதல் 20க்கு 11042 ஒண்ணு, மிச்சத்துக்கு 11045 ஒண்ணு. ஆழம் வேற வேறன்னா கூட்டவே கூடாது.

வார்டு சிஸ்டர்:

நான் கோடர் இல்லமா, மதுரைல இருபது வருஷம் சர்ஜிக்கல் வார்டுல இருந்தவ, என் பொண்ணு கோடிங் படிக்கறதால இதெல்லாம் படிப்பேன். ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு. ஸ்டேஜ் 1, 2, 3, 4ங்கறது பிரஷர் புண்ணுக்கு மட்டும் உள்ள கணக்கு. சுகர் கால் புண்ணுக்கு வாக்னர் கிரேட்னு 0ல இருந்து 5 வரைக்கும் தனியா இருக்கு. வேலை நெருக்கடில பழக்க தோஷத்துல எல்லா புண்ணுக்கும் ஸ்டேஜ்னு எழுதிடறது உண்டு, எங்க வார்டுலயும் பாத்திருக்கேன். ஷீட்ல பிரஷர்ங்கறது ரெடியா ஒரு டிக் பாக்ஸா இருந்தாலும் கை அங்க தான் போகும்.

குதிகால்னு மட்டும் எழுதினா எங்களுக்கே பத்தாது. படுத்த படுக்கையா கெடக்கறவங்களுக்கு குதிகாலோட பின்பக்கம், மெத்தைல அழுந்தற இடத்துல வரும். உணர்ச்சி மரத்துப்போன சுகர் காலுக்கு நடக்கறப்ப அழுந்தற அடிப்பாதத்துல, சுத்தி காய்ச்சுப்போன தோலோட வரும். முன்னதுக்கு கெண்டைக்காலுக்கு அடில தலகாணி குடுத்து குதிகால மெத்தைல படாம தூக்கி வைப்போம், பின்னதுக்கு எடை படாம காஸ்ட் இல்ல தனி செருப்பு. காரணத்த தப்பா எழுதினா அடுத்து பாக்கறவங்க வைத்தியத்தையே தப்பா ஆரம்பிச்சிடலாம், அதனால தயவுசெஞ்சு கேட்டு எழுதுங்க. அந்த பேஷன்ட் நடக்கறாங்களா படுக்கையான்னு சார்ட்ல பாருங்கமா.

ராத்திரி ஷிப்ட்:

நொய்யல் அண்ணா நன்றி, நான் அந்த பாராவ ரெண்டாவது வரியோட நிறுத்திருக்கேன், இப்ப முழுசா படிச்சேன். இதே மாதிரி போன மாசம் நான் போட்ட சார்ட் மூணு இருக்கு, இன்னைக்கே லீட் கிட்ட சொல்லி திறந்து பாக்கறேன்.

காவேரிக்கரை:

நொய்யல் அண்ணா, சிஸ்டர் அம்மா, ரொம்ப நன்றி. பேஷன்ட் வாக்கர் புடிச்சு நடந்து தான் கிளினிக் வந்திருக்காங்கன்னு ஹிஸ்டரில இருக்கு. ஆனாலும் நானா முடிவு பண்ணல. க்வெரி எப்படி எழுதறது? "இது டயபெடிக் அல்சர் தானே"ன்னு கேக்கலாமா?

நொய்யல்:

அப்படி கேட்டா அது லீடிங் க்வெரி, பதில நாமளே எடுத்துக்குடுக்கற மாதிரி, ஆடிட்ல நிக்காது. சார்ட்ல இருக்கறத அப்படியே எடுத்து வைங்க: டாக்டர் நோட்ல வலது குதிகால் அல்சர்னு இருக்கு, நர்ஸ் ஷீட்ல பிரஷர் அல்சர் ஸ்டேஜ் 3ன்னு இருக்கு, உங்க க்ளினிக்கல் முடிவுப்படி இந்த அல்சருக்கு என்ன காரணம்னு தெளிவுபடுத்துங்கன்னு எழுதி, கீழ டயபெடிக், பிரஷர், ஆர்ட்டீரியல் (தமனி), வீனஸ் (சிரை), வேற காரணம், சொல்ல முடியலன்னு எல்லா சாய்ஸும் குடுங்க. புண்ணோட ஆழம் என்னன்னு தனி கேள்வியா வைங்க. இந்த பதில் போட்டா பணம் வரும்ங்கற வாசனையே க்வெரில இருக்கக்கூடாது.

பதில்ல "ப்ராபபிள் டயபெடிக் அல்சர்"னு வந்தா அத எடுத்துடாதீங்க, அவுட்பேஷன்ட்ல ப்ராபபிள், சஸ்பெக்டட் எல்லாம் கோட் பண்ணக்கூடாது. பிரஷர்னு பதில் வந்தா உங்க டீம் லீட் சொன்ன எல்89.613 தான், அப்ப நர்ஸ் எழுதின ஸ்டேஜ் தாராளமா செல்லும்.

காவேரிக்கரை:

அப்டேட் போடறேன், ஆறு நாள் ஆச்சு. டாக்டர் அடென்டம் (நோட்டுக்கு கூடுதல் குறிப்பு) போட்டுட்டாரு. டயபெடிக் பெரிஃபெரல் நியூரோபதியால (சுகரால வந்த நரம்பு பாதிப்பு) வந்த அல்சர், அடிப்பாதம் பக்கம், கொழுப்பு லேயர் தெரியுது, பிரஷர் இல்லன்னு எழுதிருக்காரு. ஈ11.621, எல்97.412, நியூரோபதிக்கு ஈ11.42, இன்சுலினுக்கு இசட்79.4, கூட 11042 போட்டு சரி பண்ணி அனுப்பியாச்சு. கோட் க்யூஏ சொன்னதே தான் வந்துச்சு, ஆனா இப்ப ஒவ்வொண்ணுக்கும் சார்ட்ல வரி இருக்கு, யார் கேட்டாலும் காட்டுவேன்.

சிஸ்டர் அம்மா, நீங்க சொன்ன டிக் பாக்ஸ் விஷயத்த டீம் லீட் கிளினிக்குக்கு மெயில்ல எழுதினாங்க. அந்த ஷீட்ல பிரஷர் ஸ்டேஜ் ஒரு கட்டம், டயபெடிக் ஃபுட்டுக்கு கிரேட் இன்னொரு கட்டம்னு பிரிக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க, பதில் இன்னும் வரல.