நாஸில் தனித்தனிப் பயனர் கணக்குகள்: அனுமதிச் சிக்கலும் பாதுகாப்பும்

கேள்வி

எங்கள் அலுவலகத்தில் 11 பேர் ஒரே நாஸை, அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் சாதனத்தைப் பயன்படுத்துகிறோம். இதுவரை அனைவரும் 'அட்மின்' என்ற ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்துவந்தோம். சென்ற வாரம் ஒரு ஃபோல்டர் முழுவதுமாக அழிந்துவிட்டது. யார் கை பட்டது என்று அறிய, செயல்பாட்டுப் பதிவான லாகைத் திறந்து பார்த்தால், வரிக்கு வரி 'அட்மின்' என்றே இருந்தது. எனவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தொடங்கி, 'பொது', 'கணக்குப் பிரிவு' என இரண்டு குழுக்களை அமைத்தேன். இப்போது இரண்டு குழுக்களிலும் இருக்கும் கணக்காளரால் கணக்குப் பிரிவின் ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. இன்னொருவரின் விண்டோஸ் கணினியோ புதிய பெயரை ஏற்க மறுக்கிறது. நாஸில் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு கைபேசியில் தோன்றும் எண்ணையும் கேட்பது) இயக்கியிருக்கிறேன். வெளியிலிருந்து ஃபைல்களை எடுப்பதற்காக ரௌட்டரில் 445ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசலையும் திறந்திருக்கிறேன். இந்தப் பாதுகாப்பு போதுமா?

மறுமொழி 1

'பொது' குழுவுக்கு அந்த ஃபோல்டரில் 'அணுகல் இல்லை' என்று குறித்திருப்பீர்கள் என நினைக்கிறேன். பெரும்பாலான நாஸ்களில் ஒருவர் எத்தனை குழுக்களில் இருந்தாலும், அவற்றுள் ஒன்றில் மறுப்பு இருந்தால் மற்றவை தரும் அனுமதிகளை அது வென்றுவிடும். அதனால்தான் உங்கள் கணக்காளர் வாசலிலேயே நிற்கிறார். அந்தக் குறியை எடுத்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அனுமதி தரப்படாதவருக்கு எப்படியும் கதவு திறக்காது என்பதால், வெளிப்படையான மறுப்பை மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும். அனுமதிகளைக் குழுவுக்கே கொடுங்கள், தனி ஆளுக்குக் கொடுக்காதீர்கள்; ஒருவர் வேலையை விட்டுச் செல்லும்போது எந்தெந்த ஃபோல்டரில் அவர் பெயர் இருக்கிறது என்று தேடி அலையும் வேலை மிச்சமாகும்.

மறுமொழி 2

விண்டோஸ் கணினியின் சிக்கல் நாஸில் இல்லை. ஒரே சர்வருடன் ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைய விண்டோஸ் அனுமதிப்பதில்லை. திரையில் 1219 என்ற பிழை எண் வந்திருந்தால் காரணம் இதுவேதான். கன்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய 'அட்மின்' விவரத்தை நீக்கி, இணைத்து வைத்திருக்கும் டிரைவ்களைத் துண்டித்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள். குழுவில் செய்யும் மாற்றங்களும் புதிதாக இணைந்த பிறகே பலருக்கு நடைமுறைக்கு வரும். கணக்காளரும் அவ்வாறே மறுபடி இணைந்து பார்ப்பது நல்லது.

மறுமொழி 3

மேலே இருவரும் சொன்னவை சரி. ஆனால் அவற்றுக்கு முன்பாக, இன்றே அந்த 445ஆம் போர்ட்டை மூடிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது எஸ்எம்பி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியான ஃபைல் பகிர்வுக்கு உரிய போர்ட். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) பரவியது, எஸ்எம்பியின் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான்; அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும், அதை நிறுவாத கணினிகள் சிக்கிக்கொண்டன. நாஸிலும் எஸ்எம்பியின் குறைந்தபட்சப் பதிப்பை 2 அல்லது 3 என வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வேலை செய்ய, அலுவலக நெட்வொர்க்குடன் பாதுகாப்பான இணைப்பைத் தரும் விபிஎன் அமைத்துக்கொள்ளலாம்.

இரட்டைச் சரிபார்ப்பு பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கைபேசியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் நாஸின் உலாவிப் பக்கத்தைக் காக்கிறது. டிரைவாக இணைத்துத் திறக்கும்போது அந்த எண்ணை யாரும் கேட்பதில்லை, அங்கே கடவுச்சொல் ஒன்றே காவல். ஒருவரின் கணினியில் ரான்சம்வேர் புகுந்தால், அவருக்கு எழுதும் உரிமை உள்ள அத்தனை ஃபைல்களையும் அது பூட்டிவிடும். ஆகவே படித்தால் போதும் என்பவருக்கு எழுதும் உரிமை தராதீர்கள், ஃபைல்களின் முந்தைய நிலையைக் காத்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டையும் இயக்குங்கள். ஆனால் நிர்வாகிக் கணக்கைக் கைப்பற்றியவர் ஸ்னாப்ஷாட்டுகளையும் அழிக்கக்கூடும் என்பதால், வேறு கடவுச்சொல்லில் இயங்கும் இன்னொரு சாதனத்திலோ, கழற்றி வைக்கும் டிஸ்க்கிலோ ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும். 'அட்மின்' கணக்கை முடக்கி, வேறு பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, அமைப்புகளை மாற்றும்போது மட்டும் அதில் நுழையுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. போர்ட்டை மூடிவிட்டேன். மறுப்புக் குறியை எடுத்துவிட்டு மறுபடி இணைந்ததும் கணக்காளருக்கு ஃபோல்டர் திறந்தது. விண்டோஸ் கணினியில் 1219 என்ற எண்தான் வந்திருந்தது, பழைய விவரத்தை நீக்கியதும் அதுவும் சரியாயிற்று. விபிஎன் அமைத்த பிறகே 'அட்மின்' கணக்கை முடக்கலாமா?

மறுமொழி 3

காத்திருக்கத் தேவையில்லை. புதிய நிர்வாகிக் கணக்கில் ஒருமுறை நுழைந்து, அமைப்புப் பக்கம் திறக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அந்தக் கணக்கிலிருந்தபடியே பழையதை முடக்கிவிடுங்கள். தானியங்கி பேக்கப் வேலை ஏதேனும் 'அட்மின்' பெயரில் ஓடுகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்; இல்லையென்றால் அன்றிரவே அது நின்றுபோகும்.