ரீல்ஸுக்கு வியூஸ் வருது, வாங்க ஆள் வரல. இளைஞர்களுக்கு மார்க்கெட்டிங் எப்படி பண்றீங்க?

பை தைக்கிறவன்:
வணக்கம் மக்களே. நாங்க சின்ன டீம், காலேஜ் போறவங்களுக்கும் புதுசா வேலைக்கு சேர்ந்தவங்களுக்கும் பேக்பேக் தச்சு ஆன்லைன்ல விக்கிறோம். 18ல இருந்து 25 வயசுதான் எங்க ஆளுங்க. இன்ஸ்டால ட்ரெண்டிங் ஆடியோ வச்சு விடாம ரீல்ஸ் போடுறோம், வியூஸும் நல்லாவே வருது, ஆனா ப்ரொஃபைலுக்குள்ள வர்றவங்க கம்மி, ஆர்டர் அதவிட கம்மி. பார்ட்னர் என்ன சொல்றார்னா நம்ம பேச்சு பழசா இருக்கு, ஜென் ஸீ பசங்க பேசுற மாதிரியே கேப்ஷன் எழுதணும், மீம் போடணும், ஃபாலோயர்ஸ் லட்சக்கணக்குல இருக்கிற ஒரு இன்ஃப்ளூயன்ஸர புடிச்சு மொத்த பட்ஜெட்டையும் அவர்கிட்டயே குடுத்துடலாம்னு. எனக்கு மனசு ஒப்பல. இந்த ஃபீல்டுல இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பேஜ் அட்மின்:
ப்ரோ, வியூஸ கொஞ்சம் ஓரமா வைங்க. இன்ஸ்டா ஹெட் ஆடம் மொசேரி 2025 ஜனவரிலயே சொல்லிட்டார், எந்த வீடியோவ நிறைய பேருக்கு காட்டுறதுங்கிற ரேங்கிங்ல முக்கியமா பாக்குறது எவ்ளோ நேரம் பாத்தாங்க, லைக் போட்டாங்களா, இன்னொருத்தருக்கு அனுப்புனாங்களா, இந்த மூணும்தான். அதுலயும் உங்கள ஃபாலோ பண்ணாத புது ஆளுங்ககிட்ட வீடியோ போகணும்னா அந்த அனுப்புறதுக்குத்தான் வெயிட் ஜாஸ்தி. அதனால ஒரு ரீல் எடுக்கிறதுக்கு முன்னாடி இத யாரு யாருக்கு அனுப்புவாங்கன்னு கேட்டுப் பாருங்க, பதில் வரலன்னா அத எடுக்காதீங்க. ட்ரெண்டிங் பாட்டுக்கு பேக்க மாட்டிட்டு நடந்து வர்ற வீடியோவ யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டாங்க. அதே பேக்க மேஜைல வச்சு லேப்டாப், சார்ஜர், குடை, தண்ணி பாட்டில், ஒரு செட் துணின்னு ஒண்ணொண்ணா உள்ள வச்சு கடைசில ஜிப் மூடுதான்னு கட் இல்லாம ஒரே ஷாட்ல காட்டுங்க, பேக் தேடிட்டு இருக்கிற ஃப்ரெண்டுக்கு கண்டிப்பா போகும். ஜிப் முக்குல திரும்புற எடத்துல கேமராவ கிட்ட கொண்டு போங்க, அங்கதான் மட்டமான பேக் எல்லாம் சிக்கும், வாங்குறவங்களுக்கும் அது தெரியும். மேல பாட்டு போட்டு அந்த சத்தத்த அமுக்காதீங்க. முதல் ரெண்டு செகண்ட்ல லோகோ வேண்டாம். எழுத்த ரொம்ப கீழ வைக்காதீங்க, பேர், கேப்ஷன் எல்லாம் அது மேலதான் வந்து உக்காரும், படிக்கவே முடியாது.

பசங்க பேசுற மாதிரி எழுதுறது வேண்டவே வேண்டாம். ஒரு வார்த்தை கம்பெனி கேப்ஷன் வரைக்கும் வந்துடுச்சுன்னா அவங்க அத எப்பவோ விட்டுட்டு போயிருப்பாங்க. 2017 ஏப்ரல்ல பெப்சி அமெரிக்க மாடல் கெண்டல் ஜென்னர வச்சு ஒரு விளம்பரம் எடுத்தாங்க, போராட்டத்துல நிக்கிற போலீஸ்காரர் கைல ஒரு கேன குடுத்தா எல்லாம் சுமுகமாயிடும்ங்கிற மாதிரி, இளைஞர்கள் கோவம்னா என்னன்னே புரியாம எடுத்தது. அடுத்த நாளே வாபஸ் வாங்கி மன்னிப்பு கேட்டாங்க.

மூணாவது வருஷம்:
அண்ணா நான் காலேஜ்தான் படிக்கிறேன், நீங்க சொல்ற அந்த வயசு. நாங்க எப்படி வாங்குறோம்னு சொல்றேன். வீடியோ புடிச்சா உடனே வாங்க மாட்டோம், சேவ் பண்ணி வைப்போம், இல்ல எங்க குரூப்ல போட்டு இது எப்படின்னு கேப்போம். அப்புறம் கமெண்ட்ஸ படிப்போம், வீடியோவவிட அதுதான் முக்கியம், அடுத்து உங்கள டேக் பண்ணி யாராவது போட்டோ போட்டிருக்காங்களான்னு பாப்போம், யூட்யூப்ல பேர் போட்டு தேடுவோம். இவ்ளோ தூரம் வந்த பிறகு விலை எங்கயுமே இல்லாம "டிஎம் பண்ணுங்க"ன்னு இருந்தா அங்கயே விட்டுடுவோம். ஆளுக்கு ஒரு விலை சொல்வாங்களோன்னு சந்தேகம் வந்துடும், முன்பின் தெரியாதவங்ககிட்ட பேரம் பேசவும் சங்கடமா இருக்கும். தயவுசெஞ்சு விலையையும் அளவையும் கேப்ஷன்லயே போடுங்க. "15 இன்ச் லேப்டாப் போகுமா"ன்னு யாராவது கேட்டா ஹார்ட் மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க, அதுக்குன்னே ஒரு வீடியோ எடுத்து ரிப்ளை பண்ணுங்க. கேட்டவங்களுக்கு மட்டும் இல்ல, கேக்க நினைச்சு கேக்காம போன எல்லாருக்கும் அது பதில்.

விளம்பர வேலைக்காரி:
தங்கச்சி சொன்னத அப்படியே பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டுங்க. வீடியோல பதில் சொல்றதுக்கு எவ்ளோ பவர்னு பாக்கணும்னா டம்ளர் விக்கிற அமெரிக்க கம்பெனி ஸ்டான்லி கதைய பாருங்க. 2023 நவம்பர்ல ஒரு பொண்ணு டிக்டாக்ல வீடியோ போட்டாங்க, கார் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, உள்ள இருந்த ஸ்டான்லி டம்ளர்ல ஐஸ் கூட கரையல. கம்பெனி தலைவரே வீடியோல வந்து, புது டம்ளர் அனுப்புறோம், காரும் வாங்கித் தர்றோம்னு சொன்னார். நம்மளால கார் வாங்கித் தர முடியாது, ஆனா பொறுப்புல இருக்கிறவரே நேர்ல வந்து பேசுனாரு பாருங்க, அது எல்லாராலயும் முடியும்.

இன்ஃப்ளூயன்ஸர் விஷயத்துல உங்க மனசு சொல்றதுதான் சரி. மொத்தத்தையும் ஒருத்தர்கிட்ட குடுக்காதீங்க, பேக்க உண்மையிலேயே தினமும் மாட்டுற சின்ன கிரியேட்டர்ஸ் சில பேர புடிங்க, புடிக்காதத புடிக்கலன்னு சொல்ல விடுங்க. காசு குடுத்தாலும் சரி, பேக்க சும்மா குடுத்தாலும் சரி, விளம்பரம்னு தெளிவா போடச் சொல்லுங்க. அமெரிக்கால வாங்குறவங்கள ஏமாத்தாம பாத்துக்குற அரசு அமைப்பு எஃப்டிசி, 2023ல வழிகாட்டு நெறிமுறைகள புதுப்பிச்சப்போ இத இன்னும் அழுத்தமா சொல்லிருக்காங்க, பல நாடுகள்ல இதுக்கு விதி இருக்கு. ஆனா விதிக்காக மட்டும் சொல்லல. சின்ன வயசுல ஒருத்தர நம்பி ஏமாந்தா அந்த பேர ரொம்ப நாள் மறக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, உங்க ஆளுங்க 18க்கு மேலன்னா விளம்பர செட்டிங்லயும் அப்படியே வைங்க. 18க்கு கீழ இருக்கிறவங்கள ஆர்வத்த வச்சு குறி வைக்கிறத இன்ஸ்டாவோட கம்பெனி மெட்டா 2021லயே நிறுத்திட்டாங்க, 2023 பிப்ரவரில ஆண் பெண்ங்கிற தேர்வையும் எடுத்துட்டாங்க, இப்போ வயசும் இடமும் மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்துல டிஎஸ்ஏங்கிற டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி சிறுவர்களோட தகவல்கள வச்சு விளம்பரம் காட்டவே கூடாது. பதினாலு வயசு புள்ளைகிட்ட "இது இல்லன்னா நீ மட்டும்தான் பாக்கி"ன்னு சொல்லி விக்கிற கூட்டத்துல நாம சேர வேண்டாம்.

பை தைக்கிறவன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. விலைய இன்னைக்கே போட்டுடுறோம். பார்ட்னர்கிட்ட இத காட்டுனேன், கமெண்ட்டுக்கு வீடியோ ரிப்ளைங்கிறதுல மட்டும் இழுக்கிறார், எங்க டீம்ல கேமரா முன்னாடி நின்னு பேசுற ஆள் யாரும் இல்லையேன்னு. ஆள் வைக்கணுமா?

பேஜ் அட்மின்:
வேண்டாம் ப்ரோ. ஸ்ட்ராப் அறுந்துடுமான்னு கேட்டா தைக்கிறவங்களே பதில் சொல்லட்டும், மூஞ்சி காட்டணும்னு இல்ல, மிஷின் மேல கை மட்டும் தெரிஞ்சா போதும். ஸ்ட்ராப் சேர்ற எடத்துல எத்தனை தடவ தையல் ஓட்டுறாங்கன்னு காட்டிக்கிட்டே பேசச் சொல்லுங்க, பேச்சு தடுமாறுனா கூட வெட்டாதீங்க. கேட்டவரோட கமெண்ட்ட மேல ஸ்டிக்கரா வைங்க, கீழ வைக்காதீங்க.