ஜெலேஷனுக்கு ‘உறைதல்’ வேண்டாம், ‘களிகட்டல்’ வைக்கலாம்

ஐயா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய பால் அறிவியல் கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரில் இருக்கிற வே புரோட்டீனுக்குத் ‘தெளிவுப் புரதம்’ என்று வைத்தது நல்ல முடிவு, ‘மோர்ப் புரதம்’ என்று எழுதினால் குடிக்கிற மோரோடு குழம்பும். ஆனால் புரதம் நீரைப் பிடித்துக்கொண்டு இறுகுகிற ஜெலேஷனுக்கு ‘உறைதல்’, புரதம் தன் இயல்பான வடிவத்தை இழக்கிற டிநேச்சுரேஷனுக்குச் ‘சிதைவு’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்த இரண்டும் சரிவராது.

உறைதல் என்றதும் நமக்குத் தயிர்தான். உறை ஊற்றினால் அமிலம் ஏறி, பாலின் முக்கியப் புரதமான கேசின் திரண்டு கெட்டியாகிறது. தெளிவுப் புரதத்தை இறுக்குவது சூடு. நம் சீம்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழப்பாடிப் பக்கம் மாடு கன்று போட்ட வீட்டில் சீம்பாலோடு வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப் பானையில் ஆவியில் வைப்பார்கள், உறைமோரும் கிடையாது, எலுமிச்சையும் கிடையாது, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் கத்தியால் துண்டு போடுகிற பதத்துக்கு வந்துவிடும். முதல் நாள் பாலில்தான் இது நன்றாக வரும், நோயை எதிர்க்கிற இம்யூனோகுளோபுலினும் மற்றத் தெளிவுப் புரதங்களும் அதில் அவ்வளவு அடர்த்தி. நாள் போகப் போகக் குறைந்துவிடும், அப்புறம் கட்டாது. “கட்டிருச்சா பாரு” என்றுதான் எங்கள் பக்கம் கேட்பார்கள்.

அதனால்தான் களிகட்டல் என்கிறேன். பாலில் ஆடை கட்டுகிறது என்கிறோம், அதே ‘கட்டு’தான். களி என்றால் ராகிக் களியாச்சே, அது மாவுச்சத்தாச்சே என்று கேட்கலாம். கேட்டால் என்ன? ஜவ்வரிசி வெந்து வருவது மாவுச்சத்துக் களி, இது புரதக் களி. நீரைப் பிடித்து வைக்கிற பின்னல் இரண்டிலும் உண்டு. ‘கூழ்மம்’ என்ற சொல் ஏற்கெனவே கொலாய்டுக்கு (நுண்துகள் பரவிய கலவைக்கு)ப் போய்விட்டது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

சிதைவு விஷயம் இன்னும் முக்கியம். பசும்பாலின் தெளிவுப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி பீட்டா லாக்டோகுளோபுலின், 162 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 70 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடு ஏறும்போது மடிப்புகள் தளர்கின்றன, சங்கிலி அறுவதில்லை. உள்ளே மறைந்திருந்த 121ஆவது இடத்துச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் வெளியே வந்து, பக்கத்து மூலக்கூறின் இரட்டைக் கந்தகப் பிணைப்பைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இப்படித் தொடர்ந்து சேர்ந்துதான் பின்னல் உருவாகிறது. புரதம் அடர்த்தியாக இல்லாவிட்டால் பின்னல் பிடிக்காது, வெள்ளைத் திப்பிகளாக நின்றுவிடும். இதைச் சிதைவு என்று எழுதினால் படிக்கிற பிள்ளை சங்கிலியே துண்டு துண்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். மொத்த மாற்றத்துக்கு ‘இயல்பிழத்தல்’, அதில் மடிப்புகள் தளர்கிற கட்டத்துக்கு மட்டும் ‘மடிப்பவிழ்தல்’ என்று பிரித்து வைக்கலாம்.

இன்னும் இரண்டு சொல் தேவைப்படும். உப்பு குறைவாக, அமிலத்தன்மையைக் காட்டுகிற பிஎச் அளவு 5.2இலிருந்து நன்றாக விலகி இருந்தால் மெல்லிய இழைகளாகப் பின்னி, ஒளி ஊடுருவுகிற களி வரும். 5.2ஐ ஒட்டியோ உப்பு கூடுதலாகவோ இருந்தால் புரதம் உருண்டைகளாகத் திரண்டு வெள்ளையாக, சொரசொரப்பாக, தண்ணீர் விடுகிற களி வரும். முதலாவதற்கு இழைக்களி, இரண்டாவதற்குக் குருணைக்களி. குருணையைவிடப் பொருத்தமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், இல்லையென்றால் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.